டால்ஸ்டாய் பண்ணையின் சிறுவர்கள்

வீட்டு வேலையில் பிள்ளைகள் கைகொடுப்பதில்லை என்பது பெற்றோர் பலரின் குறை. எந்நேரமும் ஏவுகிறார்கள் என்பது பிள்ளைகளின் குறை. இவ்விரண்டுக்கும் விடை தேடிய முயற்சி ஒன்று தென்னாப்பிரிக்காவில் நடைபெற்றது. தமிழ்ச் சிறுவர்களும் பங்கு கொண்ட அம்முயற்சியைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

டிரான்ஸ்வாலில் இந்தியரை இழிவுபடுத்திய பதிவுச் சட்டத்தை எதிர்த்துக் காந்தியடிகள் அறப்போர் நடத்தினார். தமிழர் பலர் அதில் சிறை புகுந்தனர். அவர்தம் குடும்பங்களைக் காப்பது எங்ஙனம்? மாதந்தோறும் பணம் கொடுத்தால் போராட்ட நிதி வற்றிவிடும். கொடாவிட்டால் மனைவி மக்கள் பசித்திருப்பர். இந்நிலையில் 1910-ஆம் ஆண்டில், ஹெர்மன் காலன்பாக் என்னும் கட்டடக் கலைஞர், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் 1,100 ஏக்கர் நிலம் வாங்கி, வாடகையின்றி அவர்களுக்கு அளித்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை.

அங்கே வேலைக்காரர் ஒருவரும் இலர். சமையல் முதல் கழிவகற்றுதல் ஈறாக எல்லாப் பணியையும் அங்கு வாழ்ந்தோரே செய்தனர். ஊற்று 500 கெஜத்துக்கு அப்பால் இருந்தது; நீரைக் காவடி கட்டிச் சுமந்து வந்தனர். ஏறத்தாழ ஆயிரம் பழமரங்கள் இருந்தன. குழி தோண்டுதல், மரம் வெட்டுதல், சுமை தூக்குதல் ஆகிய தோட்ட வேலைகளில் பெரும்பங்கு சிறுவர்களுடையது. கழுவிய நீர் மரங்களுக்குப் பாய்ந்தது. காய்கறிக் கழிவு எருவாயிற்று. மலக்கழிவு குழியில் இடப்பட்டு மண்ணால் மூடப்பட்டது.

இவ்வளவு வேலையையும் பிள்ளைகள் எவ்வாறு மனமுவந்து செய்தனர்? பண்ணையில் ஒரு விதி இருந்தது. ஆசிரியர் செய்யாத எந்த வேலையையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லலாகாது. அவர்கள் வேலை செய்யும்பொழுது ஆசிரியர் ஒருவர் உடனிருந்து தாமும் உழைக்க வேண்டும். காந்தியடிகளும் காலன்பாக்கும் இவ்விதிக்கு விலக்கல்லர். செருப்புத் தைக்கும் தொழிலைக் காலன்பாக் ஒரு கிறிஸ்தவத் துறவியர் மடத்தில் கற்றுவந்தார். அவரிடம் காந்தியடிகள் கற்றார். பின்னர் மற்றவர்களுக்கும் கற்பித்தார்.

அப்பிள்ளைகள் குறையற்றவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்களும் சாக்குச் சொல்லி நழுவினர். சில நாள் எல்லோருமே நழுவினர். காந்தியடிகள் சில வேளை கண்டும் காணாதவராய் இருந்தார். சில வேளை கண்டிப்புக் காட்டி, வேலையை விளையாட்டாக்குதல் தகாதென்று எடுத்துரைத்தார். பிள்ளைகள் ஒப்புக்கொள்வர்; அடுத்த கணமே விளையாடப் போய்விடுவர். இதனை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் மறைக்காமல் எழுதியுள்ளார். ஆயினும் வேலை நடந்தது, அவர்கள் உடல் உரம் பெற்றது, நோய் அரிதாயிற்று.

1913-ஆம் ஆண்டளவில் பண்ணை வாழ்வு முடிவுற்றது. ஆனால் கைத்தொழிலும் கல்வியும் இணைய வேண்டும் என்ற கருத்து முடியவில்லை. 1937-ஆம் ஆண்டில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் அஃது ஆதாரக் கல்வித் திட்டமாக மலர்ந்தது.

இவ்வரலாற்றிலிருந்து நான் அறிவது ஒன்று. ஏவலும் கைக்கூலியும் பிள்ளையை ஒரு நாள் வேலை செய்விக்கலாம். உடன் உழைக்கும் பெரியவரே அவனை நாள்தோறும் அழைத்துச் செல்கிறார். அவ்வழைப்பையும் ஒரு முறையோடு நிறுத்தலாகாது. சலியாமல் அழைக்க வேண்டும். நம் இல்லங்களில் மகள் பாத்திரம் துலக்க, மகன் பக்கத்தில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கிறான். தந்தையும் அவ்வாறே அமர்ந்திருந்தால் மகனைக் கடிந்து பயன் என்ன? இளைஞர்களே, நீங்கள் நாளைய பெற்றோர். அந்நாள் வரும் வரை காத்திராமல், இன்றிரவு உண்ட தட்டை நீங்களே கழுவி வையுங்கள். அதைப் பார்த்து உங்கள் தம்பியும் எழுந்து வருவான்.