பேராதனைப் பூங்காவும் ஜெனரல் ஸ்லிமின் உறக்கமும்

அலவத்துகொடயிலிருந்து அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டி நகரைக் கடந்து பேராதனை தாவரவியல் பூங்காவுக்குச் செல்பவர்கள், அங்குள்ள மரங்களையும் ஓர்க்கிட் மலர்களையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். அதே மரநிழலில் ஒரு காலத்தில் மாபெரும் யுத்தமொன்று நிர்வகிக்கப்பட்டது என்பதை அவர்களுள் பலர் அறியார்.

1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசிய நேசநாட்டுக் கட்டளைப்பீடம் டில்லியிலிருந்து கண்டிக்கு இடம்மாறியது. பூங்காவில் அலுவலகங்கள் எழுந்தன. அவ்வேளையில் இம்பாலிலும் கொஹிமாவிலும் கடும் சமர் நடந்துகொண்டிருந்தது. அங்கு போரிட்ட 14ஆவது இராணுவத்தின் தளபதி ஜெனரல் வில்லியம் ஸ்லிம். அவரைப் பற்றியதே இக்கட்டுரை.

1943இல் ஸ்லிம் பொறுப்பேற்றபோது அவரது முதல் எதிரி ஜப்பானியர் அல்லர், நோயே. காயமுற்று அகற்றப்படும் ஒருவருக்கு, நோயுற்று அகற்றப்படுவோர் 120 பேர் என்றிருந்தது நிலைமை. மலேரியாவால் மட்டும் ஆண்டொன்றுக்குப் படையின் 84 வீதத்தினர் பாதிக்கப்பட்டனர். மெப்பக்கிரின் மாத்திரையை நாள்தோறும் விழுங்க வேண்டுமென்ற கட்டளை இருந்தும் வீரர்கள் அதை அலட்சியம் செய்தனர்.

ஸ்லிம் வீரர்களைக் குறைகூறவில்லை. திடீர்ப் பரிசோதனைகளை நடத்தி, மாத்திரை உட்கொள்ளாதோர் மிகுந்திருந்த படைப்பிரிவுகளின் கட்டளை அதிகாரிகளைப் பதவி நீக்கினார். மூவரை நீக்கியதும் ஏனையோர் விழித்துக்கொண்டனர். பணியாளரின் உடல்நலத்துக்குத் தலைவனே பொறுப்பு என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் உணர்த்தியதில்லை.

தமக்கும் அவர் இதே விதியை வகுத்திருந்தார். உரிய வேளையில் உறங்கச் செல்வார். உண்மையான நெருக்கடி நேர்ந்தாலன்றி எவரும் அவரை எழுப்பலாகாது. பகலெல்லாம் பரபரத்து, பாதி இரவும் விழித்திருக்கும் தளபதிகள் தம்மையும் களைப்படையச் செய்து, கீழுள்ளவர்களையும் களைப்படையச் செய்து, மெய்யான நெருக்கடி வரும்போது கையிருப்பில் எதுவுமின்றி நிற்பர் என்பது 1956இல் வெளிவந்த அவரது நினைவு நூல் கூறும் கருத்து.

எதிரணியில் நிலைமை நேர்மாறாக இருந்தது. சில வாரங்களுக்குரிய உணவுடன் மலைகளுக்குள் படையை அனுப்பிய ஜெனரல் முத்தகுச்சி, மனவுறுதியே எதையும் வெல்லும் என நம்பினார். கொஹிமாவில் உணவும் குண்டும் தீர்ந்தபோது, டிவிஷன் தளபதி சாத்தோ மேலிடக் கட்டளையை மீறிப் பின்வாங்கினார். அப்படையெடுப்பில் மாண்ட ஜப்பானியர் சுமார் 30,000 பேர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது பட்டினியும் நோயும்தான்.

நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகங்களில் முத்தகுச்சிகளே அதிகம். இரவு இரண்டு மணி வரை பக்கங்களை முடித்து, வெறுந்தேநீரிலும் சிகரட்டிலும் உயிர்வாழ்ந்து, காலையில் மீண்டும் வந்து அமர்வதையே வீரமெனக் கருதினோம். ஒருநாள் இரவு நெஞ்சு இறுகி மேசையில் சாய்ந்தேன். 'முதற்பக்கத்தை அனுப்பிவிட்டு வைத்தியசாலைக்குப் போ' என்றார் என் மேலதிகாரி. நானும் அனுப்பிவிட்டே போனேன். அவரைவிட என்மீதே எனக்கு இன்றும் கோபம்.

வைத்தியர், தாதியர், சாரதி, செய்தியாளர் என நெருக்கடியில் உழைப்போர் யாவரும் களைப்பைப் பதக்கமாக அணிந்துகொள்கின்றனர். களைத்தவர் செய்யும் தவறுக்கு விலை கொடுப்பவர் நோயாளி, பயணி, வாசகர். ஆதலின் ஓய்வு என்பது சொந்தச் சுகம் அன்று. தொழிற்கடமையின் ஒரு பகுதி. அதற்கு இடமளிப்பதும் நிர்வாகம் வழங்கும் சலுகை அன்று.

1945இன் பிற்பகுதியில் கட்டளைப்பீடம் சிங்கப்பூருக்குச் சென்றது. மரங்கள் எஞ்சின. அடுத்த முறை பேராதனைக்குச் செல்லும்போது அவற்றின் நிழலில் சிறிது நேரம் சும்மா அமர்ந்திருங்கள். அங்கிருந்து நடத்தப்பட்ட யுத்தம் நமக்கு விட்டுச்சென்ற பாடமும் அதுவே.