கொக்கியின் வரலாறு: பெரிய வண்டியும் சிறிய வண்டியும்

இரும்புப் பாதையின் வரலாற்றை எழுதப் புகுவோர் நீராவிப் பொறியிலிருந்தே தொடங்குவர். அதன் பின்னர் தண்டவாளம், பாலம், சுரங்கம் என்று அவர்தம் எழுத்து விரியும். பொறியையும் பெட்டியையும் ஒன்றாகப் பிணைக்கும் கொக்கிக்கு அவ்வரலாற்றில் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. ஆயினும் கொக்கி இல்லையேல் வண்டித் தொடர் என்பதே இல்லை. அக்கொக்கியின் பொருட்டு இழக்கப்பட்ட விரல்களும் உயிர்களும் எண்ணிலடங்கா. இன்று மேசையின்மேல் ஓடும் சின்னஞ்சிறு மாதிரி வண்டிகளின் கொக்கிகளைப் பொருத்திச் செம்மைப்படுத்துவோர், தம் கையிலிருக்கும் அரை விரற்கடை உறுப்புக்குப் பின்னால் இத்துணை நீண்ட கதை உண்டென்பதைப் பெரும்பாலும் அறியார்.

தொடக்க காலப் பிரித்தானிய வண்டிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டன. சரக்குப் பெட்டிகளுக்கு மூன்று கண்ணிகள் கொண்ட சங்கிலியும், பயணிகள் பெட்டிகளுக்குத் திருகி இறுக்கும் இணைப்பும் வழக்கில் நிலைத்தன. சரக்குப் பெட்டிகளைப் பிணைக்க நுனியில் கொக்கி பொருத்திய நீண்ட கழி பயன்பட்டமையால், ஊழியர் பெட்டிகளுக்கு வெளியே நின்றே தம் வேலையைச் செய்ய முடிந்தது. திருகு இணைப்போ ஆளைப் பெட்டிகளுக்கிடையே குனிய வைத்தது. அம்முறை இந்தியாவிற்கும் சென்றது. சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலை 2018ஆம் ஆண்டு வரை உருவாக்கிவந்த பழைய வகைப் பயணிகள் பெட்டிகளில் பெரும்பாலானவை திருகு இணைப்பையே தாங்கி நின்றன.

அமெரிக்காவின் நிலையோ இதனினும் கொடிது. அங்கே வழங்கியது வளையமும் ஆணியும் கொண்ட இணைப்பு. ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் ஒரு பொந்து இருக்கும். நீள்வட்டமான இரும்பு வளையத்தின் ஒரு பாதி இப்பெட்டியின் பொந்திலும், மறு பாதி எதிர்ப் பெட்டியின் பொந்திலும் நுழையவேண்டும்; பின்னர் மேலிருந்து ஓர் ஆணியை இறக்கவேண்டும். வளையம் தானாக நேரே நிற்காது. ஆதலின் பிரேக் ஊழியர் ஒருவர், பின்னோக்கி வந்துகொண்டிருக்கும் பெட்டிக்கும் நின்றிருக்கும் பெட்டிக்கும் இடையே புகுந்து, வளையத்தைக் கையால் தூக்கிப் பிடித்து, அது பொந்தில் நுழையும் கணத்தில் கையை இழுத்துக்கொள்ளவேண்டும். இழுக்கச் சற்றே தாமதித்தால் விரல் போகும். கால் இடறினால் உயிரே போகும். விரல் குறைந்த கையைக் கண்ட மாத்திரத்தில் அவர் எத்தொழில் பார்த்தவர் என்று பிறர் அறிந்துகொள்ளும் அளவிற்கு இவ்விபத்து மலிந்திருந்தது.

இக்கொடுமையைக் கண்டு வாளாவிருக்க இயலாதவர் ஒருவர் அயோவா மாநிலத்தில் இருந்தார். லோரென்சோ காஃபின் என்பது அவர் பெயர். உழவுத் தொழில் செய்தவர். 1874ஆம் ஆண்டில் ஒரு நாள் அவர் பயணம் செய்த வண்டி இடையில் நின்றது. பெட்டியை இணைக்க முயன்ற பிரேக் ஊழியர் ஒருவர் தம் கையில் எஞ்சியிருந்த இரண்டு விரல்களையும் இழந்தார். ஏனைய விரல்கள் முன்னரே இதே வேலையில் போயிருந்தன. அன்று தொடங்கிக் காஃபின் ஓயவில்லை. இதழ்களுக்கு எழுதினார்; கூட்டம் தோறும் சென்று பேசினார்; 1883இல் மாநில இரும்புப் பாதை ஆணையராகவும் பொறுப்பேற்றார். பிறர் அவரைப் பித்தர் என்று எள்ளியதும் உண்டு. பித்தர் என்ற பட்டம் இத்தகையோருக்கு எந்நாட்டிலும் எளிதில் கிடைக்கும் ஒன்றே.

காஃபின் வேண்டிய கருவி வேறொருவர் கையில் உருவாகியிருந்தது. வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்டிரியா நகரில் துணிக்கடை எழுத்தராக இருந்த ஈலை ஜானி என்பார் பொறியியல் பயின்றவர் அல்லர். உள்நாட்டுப் போரில் தென்னவர் படையில் பணியாற்றித் திரும்பியவர். ஓய்வு நேரங்களில் பேனாக் கத்தியால் மரத்துண்டைச் செதுக்கிச் செதுக்கி அவர் ஒரு கொக்கியின் வடிவத்தைக் கண்டார். இரு கைகளின் விரல்களையும் மடக்கி ஒன்றோடொன்று கோத்தால் எவ்வாறு பிணையுமோ, அதுவே அதன் அமைப்பு. கீலில் சுழலும் ஒரு மடக்குவிரல், எதிர்க் கொக்கி வந்து மோதியவுடன் மூடிப் பூட்டிக்கொள்ளும். பிரிப்பதற்குப் பெட்டியின் பக்கத்தில் நின்று ஒரு நெம்புகோலைத் தூக்கினால் போதும். இடையே ஆள் புகவேண்டுவதில்லை. 1873ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

நல்ல கருவி பிறந்துவிட்டால் உலகம் உடனே அதனைத் தழுவிக்கொள்ளும் என்று எண்ணுவது பேதைமை. ஜானியின் கொக்கியோடு போட்டியிட்டுத் தானியங்கிக் கொக்கிகள் பல நூறு எழுந்தன. தனித்து நோக்கின் அவற்றுள் பல நல்லனவே. ஆனால் ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொரு நிறுவனத்தின் பாதையிலும் ஓடும் நாட்டில், ஒன்றோடொன்று பிணையாத நல்ல கொக்கிகள் பல இருப்பதைக் காட்டிலும் யாவற்றோடும் பிணையும் கொக்கி ஒன்று இருத்தல் மேல். 1880களின் இறுதியில் பெட்டி கட்டுவோர் சங்கம் ஜானியின் வகையைப் பொது வகையாக ஏற்றது. அப்போது, கொக்கியின் வெளிக்கோட்டு வடிவத்தின் மீதிருந்த காப்புரிமை விட்டுக்கொடுக்கப்பட்டது. உள்ளே பூட்டு எவ்வாறேனும் இருக்கலாம். வெளிவடிவம் மட்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. இக்கதையில் கண்டுபிடிப்பைக் காட்டிலும் இவ்விட்டுக்கொடுப்பே பெரிது எனலாம்.

1893ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் பாதுகாப்புச் சாதனச் சட்டத்தில் ஒப்பமிட்டார். மோதியவுடன் தாமே இணையும் கொக்கிகள் கட்டாயமாயின. கொக்கி தண்டவாளத்திற்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கவேண்டும் என்பதும் அச்சட்டத்தின்வழி வரையறுக்கப்பட்டது: செந்தரப் பாதைக்கு மேல் எல்லை 34½ அங்குலம், அதிலிருந்து 3 அங்குலத்திற்கு மேல் தாழலாகாது. உயரம் பொருந்தாத இரு கொக்கிகள் ஓடும்போது ஒன்றன்மேல் ஒன்று நழுவிப் பிரிந்துவிடும் என்பதே இதற்குக் காரணம்.

சட்டம் வந்த பின்னரும் வழக்கு ஒன்று எழுந்தது. 1900ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் யூட்டா மாநிலத்துப் புரோமான்டரி என்னும் இடத்தில் ஜான்சன் என்ற பிரேக் ஊழியர், பொறியை ஓர் உணவுப் பெட்டியோடு இணைக்கப் பணிக்கப்பட்டார். பொறியில் இருந்தது ஜானி கொக்கி. உணவுப் பெட்டியில் இருந்ததோ மில்லர் கொக்கி. இரண்டும் தானியங்கிகளே, எனினும் ஒன்றோடொன்று இணையமாட்டா. இருமுறை முயன்று தோற்று, மூன்றாம் முறை இடையே கை நுழைத்தபோது அக்கை நசுங்கி, மணிக்கட்டுக்கு மேலே துண்டிக்கப்பட்டது. இரு கொக்கிகளும் தானியங்கிகளே ஆதலின் சட்டம் மீறப்படவில்லை என்றும், பொறி என்பது ‘பெட்டி’ ஆகாது என்றும் கீழ் நீதிமன்றங்கள் கூறின. சொல்லைப் பற்றிக்கொண்டு பொருளைக் கைவிட்ட தீர்ப்பு அது. 1904இல் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றியது: கொக்கிகள் தத்தம் இனத்தோடு இணைந்தால் போதாது, எதிர்ப்படும் கொக்கியோடும் தாமே இணையவேண்டும் என்பது தீர்ப்பு.

இனி மேசைமேல் ஓடும் வண்டிக்கு வருவோம். செருமனியின் மார்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில் வகைப்படுத்திய பாதை அளவுகளோடு பொம்மை வண்டிகளைக் காட்சிக்கு வைத்தது. அக்காலக் கொக்கிகள் வளைத்த தகடுகளே. 1935இல் அரைச் சுழி எனப் பொருள்படும் சிறிய அளவில், 16.5 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் வண்டிகள் அங்கே வெளிவந்தன. உண்மையில் 87 பங்கில் ஒரு பங்கான இவ்வளவே பின்னர் எச்.ஓ. என்று உலகெங்கும் பரவியது.

அதே 1935இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மாதிரி இரும்புப் பாதையாளர் தேசியச் சங்கம் தோன்றியது. பழைய கதை அங்கே மீண்டும் நடந்தது. நிறுவனத்திற்கு ஒரு கொக்கி. ஒன்று மற்றொன்றோடு சேராது. இதனைத் தீர்க்க 1950களில் சங்கத்தாரின் முயற்சியில் எக்ஸ்2எஃப் என்னும் கொம்புக் கொக்கி உருவாயிற்று. சங்கம் அதனை முறையான பொதுத்தரமாக ஏற்கவே இல்லை. ஆயினும் அதற்கு உரிமைக் கட்டணம் கிடையாது, செய்வதற்கும் மலிவு. ஆகவே ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் அதனையே பொருத்தின. அதன் குறை வெளிப்படையானது. ஒன்றையொன்று பக்கவாட்டில் தள்ளியபடியே அது பிணையும். வண்டியைப் பின்னோக்கித் தள்ளும்போது அப்பக்க விசை இலேசான பெட்டிகளைத் தடம் புரளச் செய்யும். உண்மைக் கொக்கியின் சாயலும் அதற்கு இல்லை. இலவசம் என்ற ஒரே காரணத்தால் அது நாற்பது ஆண்டுக் காலம் கோலோச்சியது.

ஓரிகன் மாநிலத்தில் கீத், டேல் எட்வர்ட்ஸ் என்னும் உடன்பிறந்தார் இருவர் வேறு வழி கண்டனர். அவர்தம் பெயர்களின் முதலெழுத்துகளே கேடீ என்னும் நிறுவனப் பெயராயின. ஜானியின் மடக்குவிரலை எச்.ஓ. அளவிற்குச் சுருக்கிய அவர்கள், பிரிப்பதற்குக் காந்தத்தைத் துணைக்கொண்டனர். கொக்கியின் அடியில் வளைந்த எஃகுக் கம்பி ஒன்று தொங்கும். உண்மை வண்டியின் காற்றுக் குழாய் போன்றே அது தோன்றும். தண்டவாளங்களுக்கிடையே வைத்த காந்தத்தின்மேல் வண்டி நின்று இணைப்புத் தளர்ந்தால், இரு கம்பிகளும் எதிரெதிர்ப் பக்கம் இழுபட்டு விரல்கள் திறக்கும். இழுவிசையோடு கடந்து சென்றால் அவை திறவா. திறந்த பின் பெட்டியைப் பின்னோக்கித் தள்ளிச் சென்று வேண்டிய இடத்தில் விட்டுவரலாம். வானத்திலிருந்து இறங்கும் மனிதக் கை அங்கே தேவையில்லை. பெரிய பாதையில் கை போகாதிருக்கப் பிறந்த கொக்கி, சிறிய பாதையில் கை தெரியாதிருக்க உதவியது.

ஆனால் இக்கொக்கி பொருத்துவோரின் பொறுமையைச் சோதிக்கும் இயல்பினது. முதற்கண் பார்க்கவேண்டுவது உயரம். எச்.ஓ. அளவில் கொக்கியின் நடுப்பகுதி தண்டவாளத்திற்கு மேல் ஏறத்தாழ 9.9 மில்லிமீட்டரில் நிற்கவேண்டும். இதனைச் சரிபார்க்கப் பாதையின்மேல் வைக்கும் உயரமானி உண்டு. கொக்கி தாழ்ந்திருந்தால், பெட்டியின் அடித்தளத்திற்கும் சக்கரச் சட்டத்திற்கும் இடையே மெல்லிய வட்டத் தகடுகளை இட்டுப் பெட்டியை உயர்த்தலாம். அல்லது தண்டு மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ விலகிய கொக்கியைத் தேர்ந்து பொருத்தலாம். வெறுமனே வளைத்துச் சரிசெய்ய முயல்வது கூடாது; தலை சாய்ந்துவிட்டால் விரல்கள் நேராகப் பற்றா. அடுத்தது தொங்கும் கம்பி. அது தாழ்ந்தால் பாதையின் கிளைகளில் சிக்கும். உயர்ந்தால் காந்தத்திற்கு எட்டாது. பெட்டிக்குள் கொக்கி இருபுறமும் தடையின்றி அசைந்து தானே நடுவிற்குத் திரும்பவேண்டும். அதற்கு வார்ப்பில் நின்ற பிசிறுகளை அகற்றி, உலர்ந்த கிராஃபைட் தூளைச் சிறிது தூவுவர். எண்ணெய் இடலாகாது, அது தூசியைச் சேர்த்துச் சில திங்களில் கொக்கியை முடக்கிவிடும். எஃகு அச்சு கொண்ட பெட்டிகள் காந்தத்தின் இழுப்பால் தாமே நகர்வதும் உண்டு. அவற்றின் அச்சை மாற்றுவதன்றி வேறு வழி இல்லை.

அளவு சுருங்கச் சுருங்க இடர் பெருகியது. 1960களின் தொடக்கத்தில் நூரம்பர்க்கின் அர்னால்டு நிறுவனம் 9 மில்லிமீட்டர் பாதையில் 160இல் ஒரு பங்கு அளவான வண்டிகளைக் கொணர்ந்தது. அதன் ராப்பிடோ கொக்கி மேல்நோக்கித் தூக்கிப் பிணைவது; உறுதியானது; ஆனால் உருவில் பருத்தது; பெட்டிகளுக்கிடையே பெரிய இடைவெளியை விட்டது. பிற நிறுவனங்களும் அதனையே ஏற்றமையால், ‘என்’ அளவில் எவர் பெட்டியும் எவர் பெட்டியோடும் தொடக்கத்திலேயே இணைந்தது. அழகை இழந்து ஒற்றுமையைப் பெற்றது அவ்வளவு. பின்னர்க் கேடீ சகோதரர்கள் இவ்வளவிற்கும் மடக்குவிரலைச் செய்தனர். 1990இல் தொழில் பிரிந்தபோது அது மைக்ரோ டிரெயின்ஸ் என்னும் தனி நிறுவனத்திற்குச் சென்றது. அதன் சுருள்வில் கண்ணுக்கு எட்டா நுண்மையது. விரலிலிருந்து தெறித்தால் மீண்டும் கிடைப்பது அரிது. ஆதலின் ஒளி ஊடுருவும் பைக்குள் கைவிட்டுக் கோப்போரும் உளர். அவ்வில்லின் நெகிழ்ச்சியால் வண்டித் தொடர் ஓடும்போது பெட்டிகள் முன்னும் பின்னும் ஊசலாடும் குறையும் இருந்தது.

ஐரோப்பியர் கொக்கியை விடுத்து அதன் உறையை ஒன்றாக்கினர். 1954இல் தோன்றிய மோராப் என்னும் கூட்டமைப்பு வகுத்த தர விதிகளின்படி, எச்.ஓ. பெட்டிகளில் ஒரே அளவான உறை அமைந்தது. எவரும் தாம் விரும்பிய கொக்கியை அதில் செருகலாம், கழற்றலாம். ஜானியின் காலத்தில் வெளிவடிவத்தை மட்டும் பொதுவாக்கிய அறிவோடு இதனை ஒப்பிடலாம்.

கேடீயின் காப்புரிமைகள் 1990களில் முடிவுற்றபோது, அதனோடு இணையும் மடக்குவிரல்களைப் பிற நிறுவனங்களும் வார்த்தன. கொம்புக் கொக்கி கடைகளிலிருந்து மெல்ல மறைந்தது. நெகிழியால் ஆன புதியவற்றுள் சில, நாளடைவில் வில்விசை தளர்ந்து பாரம் தாங்காமல் பிரிந்துவிடுகின்றன. ஆகவே இன்றும் புதிய பெட்டியொன்றை வாங்கிவரும் ஆர்வலர், அதனைப் பாதையில் ஓடவிடுமுன் உயரமானியின் அருகே நிறுத்திப் பார்க்கின்றனர். தேவையாயின் ஆலையில் பொருத்திய கொக்கியைக் கழற்றி உலோகக் கொக்கியை மாட்டுகின்றனர்.