இனிய கடல் எங்கே போகிறது?



ஆறு கடலில் கலக்கிறது என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறோம். “கலந்த பிறகு அந்தத் தண்ணீர் எங்கே போகும், ஐயா?” என்று ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. பிறகு தேடிப் படித்ததை இங்கே பகிர்கிறேன்.

1500ஆம் ஆண்டில் ஸ்பானிய மாலுமி விசெந்தே யானியெஸ் பின்சோன், தென்னமெரிக்கக் கரைக்கு அப்பால் கடல்நீரை முகந்து பார்த்தார். அது நன்னீராக இருந்தது. ‘இனிய கடல்’ என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினார். அவர் கண்டது அமேசானின் முகத்துவாரம் என்பதே பெரும்பாலோர் கருத்து. நொடிக்கு ஏறத்தாழ 200,000 கன மீட்டர் நீரைக் கொட்டும் ஆறு அது. அந்நீர் கரையோரமாக வடமேற்கே, கரீபியக் கடலை நோக்கிச் செல்கிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. கப்பல் ஒரு நேரத்தில் ஓரிடத்து நீரைத்தான் அளக்க முடியும். முழுப் பரப்பையும் ஒருசேரக் காண வழியில்லை.

1978 அக்டோபரில் அமெரிக்காவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் ஏவப்பட்டது. கடலின் நிறத்தை அளப்பதற்கென்றே ஒரு கருவி அதில் இருந்தது. தெளிந்த கடல் நீலத்தைத் திருப்பி அனுப்பும். நுண்பாசி மிகுந்த நீர் நீலத்தை விழுங்கிப் பச்சையாகத் தோன்றும். ஓராண்டுச் சோதனைக்கென அனுப்பிய கருவி, 1986 வரை உழைத்தது. (நம் பள்ளிக் கணினிகளுக்கும் அந்த ஆயுள் வாய்க்கலாம்!)

அப்படங்களையும் கடலில் மிதக்கவிட்ட மிதவைகளின் பாதைகளையும் சேர்த்து ஆராய்ந்த முல்லர்-கார்கர், மெக்ளெய்ன், ரிச்சர்ட்சன் ஆகிய மூவர், 1988இல் ‘நேச்சர்’ இதழில் தம் முடிவை வெளியிட்டனர். பிப்ரவரி முதல் மே வரை பழைய கருத்து சரியே. ஆனால் ஜூன் முதல் ஜனவரி வரை, வட பிரேசில் நீரோட்டம் வளைந்து திரும்புகையில் அமேசான் நீரையும் இழுத்துக்கொண்டு கிழக்கே, ஆப்பிரிக்காவை நோக்கிச் செல்கிறது! பருவத்திற்கேற்பத் திசை மாறும் இந்தப் போக்கு கப்பல்களின் கண்ணுக்குத் தப்பியிருந்தது.

இருப்பினும் ஒரு சிக்கல் இருந்தது. காட்டுச் சருகுகள் ஊறிக் கரைந்த சாயமும், தேநீர்ச் சாயம் போல, நீல ஒளியை விழுங்கும். பச்சையாகத் தெரிவது பாசியா, சாயமா என்று அக்கருவியால் பிரித்தறிய இயலவில்லை. படத்தை மட்டும் நம்பியிருந்தால், நடுக்கடலில் இல்லாத பாசியை இருப்பதாகக் கணக்கெழுதியிருப்போம். 1997இல் ஏவப்பட்ட சீவிஃப்ஸ் என்னும் கருவியில் இதற்கெனவே ஊதா ஒளியை அளக்கும் வசதி சேர்க்கப்பட்டது. ஆயினும் மேகம் மூடினால் இவற்றுக்குப் பார்வையில்லை. 2009இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஸ்மோஸ் செயற்கைக்கோளோ, மேகத்தை ஊடுருவிவரும் நுண்ணலைகளைக் கொண்டு கடல் மேற்பரப்பின் உப்பையே அளக்கத் தொடங்கியது. நன்னீர் எது, உவர்நீர் எது என்று பின்சோன் நாவால் அறிந்ததை அது விண்ணிலிருந்து அறிந்தது.

மறுவாரம் அந்த மாணவனிடம், “எந்த மாதத்துத் தண்ணீரைக் கேட்கிறாய்?” என்றேன். விழித்தான். உலகப் படத்தை எடுத்து வரச் சொன்னேன்.