திருச்சி லாட்ஜும் ஆர்க்காட்டு இளவரசரும்

லாட்ஜ் என்றதும் திண்டுக்கல் நகரத்தாருக்கு வழிப்போக்கர் தங்கும் விடுதியே நினைவுக்கு வரும். பிரீமேசன் என்னும் சகோதர சங்கத்தார் கூடும் சபைக்கும் அதுவே பெயர். ஐரோப்பாவில் பெருங்கோயில்களைக் கட்டிய கல்தச்சர்கள் வேலையிடத்தில் அமைத்துக்கொண்ட கொட்டகையிலிருந்து வந்த பெயர் அது. மூலைமட்டமும் கவராயமும் சங்கத்தின் சின்னங்களாயின. 1717-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நான்கு சபைகள் ஒன்றுகூடித் தலைமைச் சபையை நிறுவின. 1752-இல் சென்னையிலும் ஒரு சபை தோன்றியது.

திண்டுக்கல்லிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சிராப்பள்ளி அப்போது ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியில் இருந்தது. ஆங்கிலப் படையும் அங்கே தங்கியிருந்தது. நமது திண்டுக்கல் கோட்டையோ ஹைதர் அலியின் வசம். 1775-ஆம் ஆண்டளவில் நவாப் முகம்மது அலியின் மூத்த மைந்தர் உம்தத்-உல்-உமரா, திருச்சிச் சபையில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார். செய்தியறிந்த இலண்டன் தலைமைச் சபை பெருமகிழ்ச்சி கொண்டது. வாழ்த்து மடலுடன், அழகிய பூவேலை செய்த முன்னாடையையும் சங்கத்தின் சட்டநூலையும் அவருக்கு அனுப்பிவைத்தது. இளவரசரும் பாரசீக மொழியில் நன்றி மடல் வரைந்தார்.

சபைக்குள் அனைவரும் சகோதரர் என்பது சங்கத்தின் கொள்கை. சபையின் வாசலுக்கு வெளியே அக்கொள்கைக்கு என்ன மதிப்பு இருந்தது? 1795-இல் உம்தத்-உல்-உமரா நவாபானார். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, அவரும் அவர் தந்தையும் திப்புவுடன் இரகசிய உறவு கொண்டிருந்தனர் என்று கும்பினியார் குற்றஞ்சாட்டினர். 1801 ஜூலையில் அவர் கண்மூடினார். கும்பினியின் நிபந்தனைகளை ஏற்க மறுத்த அவர் மகன் ஒதுக்கப்பட்டார். உறவினராகிய அசீம்-உத்-தௌலா அம்மாத இறுதியில் உடன்படிக்கையில் ஒப்பமிட, கருநாடகத்தின் ஆட்சியும் வருவாயும் கும்பினியிடம் சென்றன. வருவாயில் ஐந்திலொரு பங்கே புதிய நவாபுக்கு மிஞ்சியது.

1792-இல் கும்பினியின் கைக்கு வந்திருந்த திண்டுக்கல் சீமையும் அதே 1801-ஆம் ஆண்டில் ஒரு கொடுமையைக் கண்டது. கும்பினியை எதிர்த்துப் பாளையக்காரர்களை ஒன்றுதிரட்டிய விருப்பாட்சி கோபால நாயக்கர் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். கோபாலசமுத்திரம் என்னும் குளத்தின் பெயர் அவர் நினைவைத் தாங்கி நிற்கின்றது. எதிர்த்தவருக்குத் தூக்குக்கயிறு, சகோதரர் என்று அணைக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு ஆட்சியிழப்பு. முடிவில் இரண்டு வழிகளும் ஒரே அதிகாரத்தின் முன்னேதான் சென்று நின்றன.

சங்கத்துக்குள்ளும் சமத்துவம் எளிதில் மலரவில்லை. இந்துக்களைச் சேர்க்கலாமா என்ற வாதம் நெடுங்காலம் நடந்தது. பல்லாண்டு முயற்சிக்குப் பின், 1872-இல்தான் கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத்தர் சேர்க்கப்பட்டார். 1961 நவம்பரில் இந்தியாவுக்கெனத் தனித் தலைமைச் சபை அமைந்தது.

ஆகவே ஒரு சபையின் வரலாற்றை அதன் ஏடுகளிலும் சின்னங்களிலும் மட்டும் தேடுதல் போதாது. உள்ளே பேசிய சகோதரத்துவத்தை அவ்வுறுப்பினர் வெளியே எவ்வளவு தூரம் கொண்டுசென்றனர் என்பதே அதனை அளக்கும் மூலைமட்டம்.