வேலைக்குப் பின் வந்த பட்டம்: அமெரிக்காவில் சூழல் நலவியல் கல்வி உருவான வரலாறு

மனிதர் குடிக்கும் நீர், மூச்சில் இழுக்கும் காற்று, உண்ணும் உணவு, உழைக்கும் இடம் ஆகியவற்றின் வழியே உடலுக்கு வந்து சேரும் கேட்டை அளந்து, அதன் மூலத்தைக் கண்டறிந்து, அதைத் தடுக்கும் வழியை வகுப்பது சூழல் நலவியல் எனப்படும். நஞ்சு உடலில் செயற்படும் முறையை ஆராயும் நச்சியலும், மக்கள் கூட்டத்தில் நோய் பரவும் பாங்கை ஆராயும் நோய்ப்பரவலியலும், தொழிலாளரைப் பணியிடக் கேடுகளிலிருந்து காக்கும் தொழிற்சுகாதாரமும் இதன் கிளைகளாக இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலை, முனைவர் பட்டங்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. இத்துறையின் வரலாற்றில் வேலை முதலில் வந்தது, பட்டம் பின்னரே வந்தது. செய்தே ஆகவேண்டிய வேலை ஒன்று இருந்து, அதைச் செய்யக் கற்றவர்கள் இல்லாத நிலையில் பல்கலைக்கழகங்கள் அவர்களை உருவாக்க முன்வந்தமையால், அந்த வேலைக்குப் பணம் கொடுத்தவர் யார் என்னும் கேள்வி இந்தக் கல்வியைத் தொடக்கம் முதலே தொடர்ந்து வந்திருக்கிறது.

முதற்களம் மாசசூசெட்ஸ் மாநிலம். 1869இல் அங்கு அமைக்கப்பட்ட மாநிலச் சுகாதார வாரியம், நெசவாலை நகரங்களின் சாக்கடை கலந்த ஆறுகளையே அடுத்தடுத்த ஊர்கள் குடிநீராகக் கொள்ளும் நிலையை எதிர்கொண்டது. 1887இல் மாநிலத்தின் நீர்நிலைகள் அனைத்தையும் ஆராய வாரியம் முடிவு செய்தபோது, அப்பணி மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வேதியியல் பேராசிரியர் தாமஸ் டிரௌனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆய்வுக்கூடப் பணியின் பெரும்பாரத்தைச் சுமந்தவர் எலன் சுவாலோ ரிச்சர்ட்ஸ். அக்கழகத்தில் சேர்க்கப்பட்ட முதற்பெண்ணான ரிச்சர்ட்ஸ் 1873இல் அங்கு இளநிலைப் பட்டம் பெற்றவர். மேற்கொண்டும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தும் முனைவர் பட்டம் அவருக்கு அளிக்கப்படவில்லை. 1884 முதல் 1911இல் மறையும் வரை அங்கேயே சுகாதார வேதியியல், அதாவது நீர், காற்று, உணவு ஆகியவற்றின் தூய்மையைச் சோதிக்கும் வேதியியல், கற்பித்த அவரிடம் பயின்ற மாணவர்கள், பிற்காலத்தில் நாடெங்கும் நீர்ச் சோதனைக் கூடங்களை நடத்தினார்கள்.

இரண்டாண்டுகளில் ஆயிரக்கணக்கான நீர் மாதிரிகளைச் சோதித்த அந்த ஆய்வின் மிகச் சிறந்த விளைவு ஒரு வரைபடம். கடற்காற்று உப்பைச் சுமந்து வருவதால் கரையோர நீர்நிலைகளில் குளோரைடு மிகுந்தும், உள்நாட்டை நோக்கிச் செல்லச் செல்லக் குறைந்தும் காணப்படும். மாசற்ற நீரில் ஒவ்வோரிடத்திலும் இயல்பாக இருக்கும் அளவைக் குறித்து, ஒரே அளவுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்தபோது, அக்கோடுகள் ஏறத்தாழக் கடற்கரையை ஒட்டியே ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தன. மனிதன் உணவில் சேர்க்கும் உப்பு அவன் கழிவில் வெளியேறுவதால், ஒரு கிணற்றிலோ ஏரியிலோ அவ்விடத்துக்குரிய அளவைவிடக் குளோரைடு கூடியிருந்தால், கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரிலும் கழிவு கலந்திருக்கக்கூடும் என்று ஐயுறலாம். இயல்பு எது என்பதை முதலில் அளந்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து விலகுவதை மாசு என்று கொள்ளும் இம்முறை, இத்துறையில் இன்றளவும் கைவிடப்படாத அடிப்படை ஆகும். அதை நிறுவிய பெண்ணுக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது என்பது அக்காலக் கல்வி நிறுவனங்கள் மீது நிலைத்துவிட்ட குறை.

அதே 1887இல் மெரிமாக் ஆற்றங்கரையில் உள்ள லாரன்ஸ் நகரில் வாரியத்தின் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. மேலாற்றில் உள்ள லோவல் நகரின் கழிவு கலந்த நீரைக் குடித்த லாரன்சில் குடற்காய்ச்சல் எனப்படும் டைபாய்டு அடிக்கடி பரவிவந்தது. தொழில்நுட்பக் கழகத்தின் உயிரியல் பேராசிரியர் வில்லியம் செட்ஜ்விக் 1890-91ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்கு அந்த நீரே காரணம் என்று காட்டினார். பொறியாளர் ஹைரம் மில்ஸ் வடிவமைத்த மணல் வடிப்பான் 1893இல் பயனுக்கு வந்தபின் நகரின் டைபாய்டு இறப்பு வெகுவாகக் குறைந்தது. வடிப்பது மணல் மட்டுமன்று, மணலில் வாழும் நுண்ணுயிர்களின் வேலையும் அதில் உண்டு என்பதை அறியப் பொறியாளர், வேதியியலார், உயிரியலார் மூவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்ய வேண்டியிருந்தது. ஆலன் ஹேசன், ஜார்ஜ் விப்பிள் போன்றவர்கள் அந்த வட்டத்திலிருந்து வந்து நகரங்களுக்கு நீர் வழங்கும் பொறியாளர்களானார்கள்; செட்ஜ்விக்கின் மாணவர் வின்ஸ்லோ 1915இல் யேல் பல்கலைக்கழகத்தில் பொதுச்சுகாதாரத் துறையை நிறுவினார்.

1913இல் ஹார்வர்டும் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து சுகாதார அலுவலர் பள்ளியைத் தொடங்கின. செட்ஜ்விக், விப்பிள் ஆகியோருடன் மருத்துவரான மில்டன் ரோசனோவும் அதை நடத்தினார். இத்துறையின் தலைமை மருத்துவருக்கா பொறியாளருக்கா என்னும் போட்டி அப்போதே தொடங்கிவிட்டது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்காக வில்லியம் வெல்ச்சும் விக்லிஃப் ரோசும் 1915இல் தயாரித்த அறிக்கையின் விளைவாக, 1916இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சுகாதார, பொதுச்சுகாதாரப் பள்ளி நிறுவப்பட்டு 1918இல் வகுப்புகள் தொடங்கின. நோய்க்கிருமி ஆய்வில் ஊன்றிய அந்த அமைப்பில் நீரும் சாக்கடையும் பல துறைகளுள் ஒரு துறையாகச் சுருங்கின. எனினும் அதே நகரில் வாழ்ந்த பொறியாளர் ஏபல் வோல்மன், மேரிலாந்து மாநிலச் சுகாதாரத் துறையில் பணிபுரிந்தபோது, வேதியியலார் லின் என்ஸ்லோவுடன் சேர்ந்து, ஒவ்வொரு நீரும் தன்னிடமுள்ள கரிமப் பொருளுக்கு ஏற்பக் குளோரினை உறிஞ்சுகிறது என்பதை அளந்து, இடவேண்டிய அளவைக் கணக்கிடும் முறையை 1919இல் வெளியிட்டார். அதுவரை அனுபவத்தால் ஊகிக்கப்பட்டுவந்த குளோரின் சேர்ப்பு அதன்பின் கணக்குக்கு உட்பட்ட பணியாயிற்று. வோல்மன் பிற்காலத்தில் ஹாப்கின்சிலேயே சுகாதாரப் பொறியியல் கற்பித்தார்.

 

நீரைப் பற்றிய கல்விக்கு அரசு வேலை வழிவகுத்தது. தொழிற்சாலையைப் பற்றிய கல்வி அவ்வளவு எளிதாக வரவில்லை. 1893இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற ஆலிஸ் ஹாமில்டன், சிகாகோவில் ஏழைக் குடியேறிகளிடையே இயங்கிய ஹல் ஹவுஸ் இல்லத்தில் வாழ்ந்தவர். 1910இல் இலினாய் மாநிலம் தொழில்சார் நோய்களை ஆராய்வதற்கு அமைத்த ஆணையத்தின் பணியில் அவர் ஈய நஞ்சேற்றத்தை எடுத்துக்கொண்டார். எந்தெந்தத் தொழிலில் ஈயம் பயன்படுகிறது என்ற பட்டியல்கூட அப்போது இல்லை. ஆலைகளுக்குள் நுழைவதோடு நில்லாமல், மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டியும், தொழிலாளர் வீடுகளுக்குச் சென்று விசாரித்தும், ஈயம் பயன்படும் 70க்கும் மேற்பட்ட தொழில்முறைகளை அவர் கண்டறிந்தார். மறு ஆண்டே இலினாய் தொழில்சார் நோய்ச் சட்டத்தை இயற்றியது. பின்னர்க் கூட்டரசுக்காக ஆய்வு நடத்தியபோது, எந்த ஆலைக்குள்ளும் நுழையும் சட்ட உரிமை அவருக்கு இல்லை. உரிமையாளரைப் பேசி இணங்கச் செய்தே உள்ளே சென்றார்.

ஹார்வர்டு 1919இல் அவரைத் தொழில்மருத்துவத் துணைப் பேராசிரியராக அமர்த்தியது. அப்பல்கலைக்கழகத்தின் முதற்பெண் ஆசிரியர் அவரே. ஆசிரியர் மன்றத்துக்குள் நுழையக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது, கால்பந்துப் போட்டிக்கான நுழைவுச்சீட்டு கேட்கக்கூடாது என்ற நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஆண்டில் பாதியை மட்டுமே கற்பித்தலுக்குத் தந்து, மறுபாதியில் ஆலை ஆய்வைத் தொடர்ந்தார். அமெரிக்கத் தொழில் நஞ்சுகள் பற்றி 1925இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையின் பாடநூலாயிற்று. 1935இல் ஓய்வுபெறும்போதும் அவர் துணைப் பேராசிரியராகவே இருந்தார்.

வாகனப் பெட்ரோலில் டெட்ராஎத்தில் ஈயம் என்னும் ஈயச் சேர்மத்தைச் சேர்ப்பது பற்றி 1925 மே மாதம் வாஷிங்டனில் அரசு கூட்டிய மாநாட்டில் ஹாமில்டன் அதைக் கடுமையாக எதிர்த்தார். எதிர்ப்பக்கத்தில் நின்றவர் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் இளம் ஆய்வாளர் ராபர்ட் கீஹோ. ஈயம் உடலில் இயல்பாகவே இருப்பது, குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் தீங்கில்லாதது என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே அதைத் தடைசெய்யக் காரணம் இல்லை என்று அரசுக் குழு முடிவு கூறிற்று. அந்தப் பெட்ரோலை விற்ற நிறுவனங்களின் பணத்தில் அமைந்த கெட்டரிங் ஆய்வுக்கூடத்தில் கீஹோ பல பத்தாண்டுகள் ஈயத்தை ஆராய்ந்தார். நல்ல கருவிகளும் பயிற்சி பெற்ற ஆய்வாளர்களும் அங்கு இருந்தும், ஈயத்தைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி அங்கே எழவில்லை. 1965இல் அதை எழுப்பியவர் இத்துறைக்கு வெளியே இருந்த புவிவேதியியலார் கிளேர் பேட்டர்சன். மாசற்ற பழங்காலச் சூழலில் ஈயம் மிகக் குறைவாகவே இருந்தது என்று அவர் காட்டியபோது, மாசுபட்ட உடலையே கீஹோ இயல்பாகக் கொண்டிருந்தார் என்பது வெளிப்பட்டது. ரிச்சர்ட்ஸ் வரைபடத்தின் பாடத்தை மறந்ததன் விலையைச் சாலையோரக் குழந்தைகள் ஒரு தலைமுறைக்கும் மேலாகக் கொடுத்தார்கள்.

1966இல் அமெரிக்க அரசு சூழல் நலவியலுக்கெனத் தனி ஆய்வுப் பிரிவை வட கரோலினாவில் நிறுவி, 1969இல் அதைத் தேசிய நிறுவனமாக உயர்த்தியது. சூழல் பாதுகாப்பு முகமை 1970இல் தோன்றியது. ஹாமில்டன் 101ஆம் வயதில் மறைந்து சில மாதங்களில் தொழிற்பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. இவற்றின் நிதியுதவியால் பட்டதாரி மாணவர்களுக்கு உதவித்தொகையும், 1977 முதல் தொழிற்சுகாதாரப் பயிற்சி மையங்களும் கிடைத்தன. படித்தவர்கள் அரசு முகமைகளிலும், ஆலைகளிலும், ஆலோசனை நிறுவனங்களிலும், பல்கலைக்கழகங்களிலும் அமர்ந்தார்கள்.

ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1970களில் தொடங்கிய ஆறு நகர ஆய்வு, 8,111 பெரியவர்களை 14 முதல் 16 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து, காற்றில் மிதக்கும் நுண்துகள் மிகுந்த நகரில் இறப்பு வீதம் மிகத் தூய நகரைவிட 26 விழுக்காடு கூடுதல் என்று 1993இல் அறிவித்தது. அதை ஓர் ஆதாரமாகக் கொண்டு 1997இல் 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகளுக்கு வரம்பு விதிக்கப்பட்டபோது, மூலத்தரவைக் காட்டவேண்டும் என்று தொழில்துறையினர் வற்புறுத்தினர். மறுஆய்வு, சூழல் பாதுகாப்பு முகமையும் வாகன நிறுவனங்களும் சேர்ந்து நிதியளிக்கும்படி 1980இல் அமைக்கப்பட்ட நல விளைவு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இருதரப்புப் பணத்தில் இயங்கிய அந்நிறுவனம் தேர்ந்த ஆய்வாளர் குழு, தரவைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் கணக்கிட்டு, 2000இல் ஹார்வர்டின் முடிவை உறுதி செய்தது.