தூரத்து ஆணையும் அருகிருக்கும் கையும்

காங்கேசன்துறை ஒரு முடிவிடம். வடக்கே கடல்; தெற்கே இருப்புப் பாதை. 1902இல் சாவகச்சேரி வரை ஓடத் தொடங்கி, 1905இல் தென்னிலங்கையோடு இணைந்தது அப்பாதை. அதனோடு தந்திக் கம்பியும் ஓடிற்று. எங்கோ ஒருவர் தட்டிய சைகைக்கு இங்கே ஒரு வண்டி நின்றது, மற்றொன்று புறப்பட்டது. ஆணை ஓரிடம், செயல் ஓரிடம் என்னும் பிரிவு அன்றே நம்மூரை எட்டிவிட்டது.

அப்பிரிவின் முதிர்ந்த வடிவத்தை இன்று கணினியில் காண்கிறோம். கடல் கடந்த நாட்டிலுள்ள கணினியின் இயங்குதளத்தை, இங்கிருந்தபடியே இரண்டு வரி ஆணை எழுதிப் புதுப்பித்துவிடலாம். இவ்வாற்றல் எவ்வாறு வந்தது?

தொடக்கத்தில் தொலைக் கணினிக்குள் நுழைய டெல்நெட் என்னும் முறை வழங்கியது. அதில் கடவுச்சொல் அஞ்சலட்டையில் எழுதியதுபோல் மறைவின்றிச் சென்றது. ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டதன் பின், 1995இல் தாத்து யுலோனன் என்பார் எஸ்எஸ்எச் என்னும் மறைகுறி முறையை ஆக்கி இலவசமாக வெளியிட்டார். பின்னர் அது வணிக உடைமையாகச் சுருங்கியது. 1999இல் ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் பழைய கட்டற்ற பதிப்பிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எச்சை உருவாக்கிப் பொதுவுடைமையாக மீட்டனர்.

1993இல் இயன் மர்டொக் தொடக்கிய டெபியன் தொண்டர்களின் கூட்டுழைப்பு. அவர்களது ஆப்ட் கருவி, முதல் ஆணையில் புதிய பொதிகளின் பட்டியலைப் பெற்று அதன் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. அடுத்த ஆணையில் பழையனவற்றை நீக்கிப் புதியனவற்றை நிறுவுகிறது.

ஆயின் இவ்வெளிமைக்குப் பின்னால் மனித உழைப்பு மறைந்து கிடக்கிறது. எக்ஸ்இசட் என்னும் சிறு கருவியைப் பல்லாண்டுகள் ஊதியமின்றிப் பேணியவர் பெரும்பாலும் ஒரு தனிமனிதரே. அவரது களைப்பைப் பயன்படுத்தி, ஈராண்டுக்கு மேல் நல்லுதவியாளராக நடித்த ஒருவர் அதனுள் கள்ளவழி ஒன்றைப் புகுத்தினார். எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதிப்பதை ஐயுற்ற அந்திரேஸ் பிராயண்ட் என்னும் பொறியியலாளர், 2024 மார்ச்சில் அதனைக் கண்டுபிடித்தார். அவ்வாண்டு ஜூலை 19இல் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு, ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. ஆணை நொடியில் எங்கும் சென்றது; பிழையைத் திருத்தவோ, பல இடங்களில் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஓர் ஆள் சென்று அமர வேண்டியதாயிற்று.

இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. 1990இல் போரினால் இங்கே புகையிரதம் நின்றது; 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது; மக்கள் ஊரை விட்டு நெடுங்காலம் முகாம்களில் வாழ்ந்தனர். முடிவெடுத்தோர் தொலைவில் இருந்தனர். விளைவைச் சுமந்தோர் இங்கே இருந்தனர். 2015 ஜனவரியில் வண்டி மீண்டும் வந்தபோதும், தண்டவாளத்தைப் பதித்தது ஒரு காகித ஆணையன்று, தொழிலாளர் கைகளே.

ஆகவே, தொலைவாணையை நாம் வெறுக்கவில்லை. அதன் திறவுகோல் யாரிடம் உளது, அதனைப் பேணுவோர்க்கு உரிய ஊதியம் உண்டா என்று மட்டுமே கேட்கிறோம். நம் மாணவர் ஆணை எழுதக் கற்கட்டும். கூடவே இக்கேள்விகளையும் கற்கட்டும்.