கிப்பனின் ஓதம்

‘ஓதம்’ என்ற சொல்லுக்குக் கடல், அலை, வெள்ளம், ஈரம் என்றெல்லாம் அகராதி பொருள் தருகிறது. அதே வரிசையில் விரைவீக்கமும் வந்து சேர்கிறது. பேச்சு வழக்கில் ஒருவருக்கு ஓதம் இறங்கிவிட்டது என்று சொன்னால், நீர் கோத்திருக்கிறதா, குடலே இறங்கியிருக்கிறதா என்பது சொல்கிறவருக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. இந்த மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலும் ‘ரப்ச்சர்’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் நின்றது. நீர் கோத்தால் நீர் ரப்ச்சர், குடல் இறங்கினால் வெறும் ரப்ச்சர். பெயர் ஒன்றாக இருக்கிறபோது எதற்கு வைத்தியம் செய்வது என்ற கேள்வியும் குழம்பித்தான் போகும்.

1761இல் இங்கிலாந்தில், 24 வயதான ஒரு குடிப்படைக் காப்டன் இந்தக் குழப்பத்தோடு ஸீஸர் ஹாக்கின்ஸ் என்ற அரசரின் ரண வைத்தியரிடம் போனார். ஹாக்கின்ஸ் பார்த்தார். குடலிறக்கமா ஹைட்ரோஸீலா என்று அவராலும் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. அடுத்த முறை லண்டன் வரும்போது மறுபடி வந்து காட்டும்படி சொல்லி அனுப்பினார். காப்டன் மறுபடி போகவில்லை. 32 வருஷம் போகவில்லை. அந்த இடைவெளியில் அவர் பார்லிமெண்ட் அங்கத்தினராக இருந்தார், லோஸானில் போய்க் குடியேறினார், ரோமப் பேரரசின் தளர்ச்சியையும் வீழ்ச்சியையும் ஆறு பாகங்களில் எழுதி முடித்தார். முதல் பாகம் 1776, கடைசி மூன்று 1788. எட்வர்ட் கிப்பனைத்தான் சொல்கிறேன்.

பேரரசு மெல்ல மெல்லச் சீரழிவதை அத்தனை நுட்பமாகப் பார்த்தவர் தன் கால்சட்டைக்குள் நடந்துகொண்டிருந்ததைப் பார்க்க மறுத்தார் என்ற ஒப்புமை கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகிறது. கிப்பனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் அதைப் பறித்துக்கொண்டுவிட்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அது கிப்பனை ஒரு நீதிக்கதையாக்கிவிடுகிறது. 1761இல் திரும்பிப் போகாமல் இருந்தது முட்டாள்தனமா என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அன்று அவர் முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன என்று பார்த்தால் விஷயம் வேறு விதமாகத் தெரிகிறது.

விதையைச் சுற்றி இரண்டு மடிப்பாக ஒரு சவ்வு இருக்கிறது. அந்த மடிப்புகளுக்கு நடுவில் நீர் சேர்வதுதான் ஹைட்ரோஸீல். பெர்ஸிவல் பாட் அந்தக் காலத்து ரண சிகிச்சையில் பெரிய பெயர். பார்தலோமியோ ஆஸ்பத்திரியில் இருந்தவர். ஹைட்ரோஸீலைப் பற்றி 1762இல் தனிப் புத்தகமே எழுதியவர். அவர் காலத்து வைத்தியர்கள் சிகிச்சையை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று தற்காலிக நிவாரணம்: குழலோடு கூடிய ஊசியைக் குத்தி நீரை வடிப்பது. கால்மணி நேர வேலை, அதிக வலியில்லை; ஆனால் நீர் மறுபடி ஊறும். மற்றது ‘ராடிகல்’ குணம், அதாவது வேரோடு களைவது. (அரசியலில் புழங்குவதற்கு முன்பே வைத்தியத்தில் இருந்த சொல் இது. பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டு அருவருத்த கிப்பன் இரண்டு அர்த்தத்திலும் ராடிகல் அல்ல.) வேரோடு களைவதற்குப் பல வழிகள். சவ்வை நீளக் கிழித்துத் திறந்து உள்ளே துணித்திரி திணித்து ஆறவிடலாம். சவ்வையே வெட்டி எடுக்கலாம். காரம் வைத்துச் சுட்டுப் புண்ணாக்கலாம். பாட் பிற்பாடு பரிந்துரைத்தது பட்டு நூல்: அதைப் பைக்குள் ஊடுருவக் கோத்துவிட்டால், அது அறுத்து அறுத்து உள்சுவர்களைப் புண்ணாக்கி ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். வேண்டுமென்றே அழற்சியை உண்டாக்கு, நீர் தங்க இடமில்லாமல் செய்.

இதையெல்லாம் மயக்க மருந்து இல்லாத காலத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். ஈதர் வந்தது 1846இல். லிஸ்டரின் கிருமிநீக்க முறை 1867இல். அதற்கு முன்னால் கத்தி பட்ட இடம் சீழ் பிடிப்பது விதிவிலக்கல்ல, விதி. வலியில்லாத, தொந்தரவில்லாத ஒரு வீக்கத்துக்காக 24 வயதில் உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா? அதுவும் உள்ளே இருப்பது நீரா குடலா என்று வைத்தியருக்கே தெரியாத நிலையில்? குடல் இருக்கும் இடத்தில் ஊசியைக் குத்தினால் என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. சுச்ருத சம்ஹிதை இந்த இரண்டையும் தனித்தனியாகவே பிரித்துவைத்திருக்கிறது. நீர் வகையைத் துளைத்துக் குழாய் வைத்து வடித்துக் கட்டுப்போடச் சொல்கிறது. குடல் வகை விரைப்பைவரை இறங்கிவிட்டால் அசாத்தியம் என்று கைவிட்டுவிடுகிறது. பிரித்து வைப்பது ஏட்டில் சுலபம். விரலால் தொட்டுப் பிரிப்பதில்தான் ஹாக்கின்ஸ் தடுமாறினார்.

ஆக, சும்மா இருப்பது என்பது 1761இல் ஒரு நியாயமான தேர்வு. இன்றைய வைத்தியரும், உள்ளே இருப்பது நீர்தான், வேறு கட்டியில்லை என்று உறுதியானபின், தொந்தரவில்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் சொல்கிறார். கிப்பனின் பிழை தேர்ந்ததில் இல்லை. தேர்ந்ததைத் திரும்ப எடுத்துப் பார்க்காததில் இருக்கிறது. எங்கள் தொழிலில் எந்தத் தலைப்பில் வைப்பது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போடுவோம். போடுவதில் குற்றமில்லை, அதற்காகத்தான் அந்தக் கணக்கு இருக்கிறது. ஆனால் அதைப் போட்ட கை வேறு கிளைக்கு மாற்றலாகிப் போய், அடுத்து வந்தவர் அதைத் தொடாமல், அதற்கடுத்தவரும் தொடாமல் வருஷங்கள் ஓடிவிடும். கிப்பன் விஷயத்தில் போட்ட கையும் தொடாத கையும் ஒன்று.

இதற்கிடையில் வைத்தியம் நின்றுவிடவில்லை. 1791இல் பாட்டின் மருமகன் ஜேம்ஸ் எர்ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். நீரை வடித்துவிட்டு, அதே குழல் வழியாக நீர் கலந்த போர்ட் ஒயினைச் செலுத்திச் சில நிமிஷம் வைத்திருந்து வெளியேற்றிவிடுவது. ஒயின் உண்டாக்கும் மிதமான அழற்சியில் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். கிழிப்பதும் இல்லை, நூலும் இல்லை. முறை பரவியது. 1830களில் கல்கத்தாவில் ரணால்ட் மார்ட்டின் ஒயினுக்குப் பதில் டிங்க்சர் அயோடினைச் செலுத்தினார். இன்று மருந்து மாறியிருக்கிறது, யோசனை எர்லுடையதுதான். 1791இல் கிப்பன் லோஸானில் தன் சுயசரிதையைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். ஆறு வரைவுகள். ஹாக்கின்ஸின் கேள்விக்கு முப்பது வருஷம் கழித்து லண்டனில் ஒரு பதில் உருவாகியிருந்தது, கேள்வியை வைத்திருந்தவர் அங்கே இல்லை.

இனி நண்பர் ஷெஃபீல்ட் பிரபு. எனக்கு இந்தச் சரித்திரத்தில் கிப்பனைவிட இவர்தான் உறுத்துகிறார். 1793 ஏப்ரலில் ஷெஃபீல்டின் மனைவி இறந்தார். ஆறுதல் சொல்லக் கிப்பன் லோஸானிலிருந்து புறப்பட்டார். பிரெஞ்சுப் படைகள் குறுக்கே நிற்க, ஜெர்மனி வழியாகச் சுற்றிக்கொண்டு, அந்த உடம்போடு வண்டியில் குலுங்கி வந்து சேர்ந்தார். நட்பு என்றால் இதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவர் ஷெஃபீல்டிடம் தன் வீக்கத்தைப் பற்றி வாய் திறந்தது அந்த வருஷம் நவம்பரில், அதுவும் ஒரு கடிதத்தில், பாதி லத்தீனில் கேலியாக: என் கால்சட்டைக்குள் ஒரு பெரிய புடைப்பை நீ எப்போதாவது கவனித்ததுண்டா என்கிற பாணியில். கவனிக்காமல் எப்படி இருக்க முடியும்? இன்னொரு கடிதத்தில் அது சிறு குழந்தை அளவு இருப்பதாகக் கிப்பனே சொல்கிறார். ஷெஃபீல்ட் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ட்டிகளில், பார்லிமெண்டில், வரவேற்பறைகளில் எல்லோரும் பார்த்தார்கள். கிப்பன் இறுக்கமாக, நாகரிகமாக உடுத்துகிறவர். யாருக்கும் தெரியாது என்று அவர் நம்பினார். அவருக்குத் தெரிந்தே இருக்கும், தீராத குடலிறக்கமாக இருக்கும், கேட்டால் மனம் நோகும் என்று நண்பர் நம்பினார். இரண்டு நாசூக்குகள் சேர்ந்து 32 வருஷம்.

நம் வட்டத்தில் இது புரியாத விஷயமல்ல. நண்பரின் கவிதையில் வருஷாவருஷம் பருத்துவரும் ஒன்றை எல்லோரும் பார்க்கிறோம். காப்பி சாப்பிட்டுக்கொண்டே வேறு விஷயம் பேசுகிறோம்.

கடிதம் எழுதிய நாட்களில் காரியங்கள் வேகமாக நடந்தன. வால்ட்டர் ஃபார்க்வர் பார்த்தார். செயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரியின் ஹென்றி க்ளைன் பார்த்தார். (க்ளைனின் மாணவர் ஆஸ்ட்லி கூப்பர், கூப்பரிடம் வைத்தியம் படிக்கப் போய்ப் பாதியில் கவிதைக்கு ஓடியவர் கீட்ஸ்.) ஹைட்ரோஸீல்தான், வடிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. நவம்பர் 14ஆம் தேதி க்ளைன் ஊசியைச் செலுத்தி நாலு குவார்ட், நம் கணக்கில் சுமார் நாலு லிட்டர், தெளிந்த நீரை வடித்தார். கிப்பன் சிகிச்சை நடக்கும்போதே சுற்றி நின்றவர்களிடம் வேடிக்கை பேசிக்கொண்டிருந்தார். ஆனால் வடித்து முடித்ததும் வீக்கம் பாதியளவுக்குத்தான் குறைந்தது. மிச்சமிருந்தது ஒழுங்கற்ற, மிருதுவான ஒரு திரட்சி. ஹாக்கின்ஸ் நீரா குடலா என்று கேட்டதற்கு விடை இரண்டும் என்பதாக இருந்தது.

எர்லின் ஒயினை க்ளைன் செலுத்தவில்லை. காரணத்தை ஊகிக்கலாம். குடல் பக்கத்தில் கிடக்கும் இடத்தில் அழற்சியை வலிய வரவழைக்க யாருக்குத் துணிவு வரும்? 24 வயதில் இரண்டில் எது என்று கேட்க முடிந்தது. 56 வயதில் ஒன்றுக்கு உதவும் சிகிச்சையை மற்றது தடுத்தது. மிச்சமிருந்தது வடித்தல் மட்டும். 24ஆம் தேதி மறுபடி மூன்று குவார்ட். இடையில் விருந்துகளுக்குப் போனார், பிரதமர் பிட்டைச் சந்தித்தார், கிறிஸ்துமஸுக்கு ஷெஃபீல்டின் வீட்டுக்குப் போனார். அங்கே காய்ச்சல் கண்டது, வீக்கம் பழையபடி பெருகியது. 1794 ஜனவரி 13ஆம் தேதி மூன்றாம் முறை, ஆறு குவார்ட். 15ஆம் தேதி மாலை ஒரு நண்பரிடம் தான் இன்னும் பத்து, பன்னிரண்டு, ஒருவேளை இருபது வருஷம்கூட இருக்கலாம் என்றார். ஒரு கோழி இறக்கையும் மூன்று கிண்ணம் மடைரா ஒயினும் சாப்பிட்டார். மறுநாள் பிற்பகல் ஒரு மணிக்குச் சற்று முன்னால் இறந்தார். ஊசி வழியாகக் கிருமி புகுந்திருக்க வேண்டும் என்பது பிற்காலத்து வைத்தியர்களின் கருத்து. கவின் டி பீர் 1949இல் இந்த வியாதியைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். 1761இல் கிப்பன் எதற்குப் பயந்திருக்கலாமோ அதுவே 1794இல் வந்தது.

இதை நான் சரித்திர ஆர்வத்தில் மட்டும் படித்தேன் என்று சொன்னால் பொய். எனக்கும் மூன்று வருஷமாக ஓதம். பேண்ட்டை இடுப்புக்குக் கீழே தளர்த்தித் தைக்கச் சொன்னபோது தையல்காரர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. கிளையில் நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொள்ளப் பழகினேன். ஷெஃபீல்டின் பக்கங்களைப் படித்த வாரத்தில்தான் டாக்டரிடம் போனேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சை அடியில் வைத்தார். உள்ளங்கைக்குப் பின்னால் விளக்கு வைத்ததுபோல் சிவப்பாக ஒளிர்ந்தது. நீர், குடலாக இருந்தால் வெளிச்சம் இப்படி ஊடுருவாது என்றார். உறுதிக்காக ஸ்கேனும் எடுத்தார்கள். பிறகு வழிகளைச் சொன்னார். அப்படியே விடலாம். ஊசியால் வடிக்கலாம், ஆனால் திரும்ப ஊறும், ஒவ்வொரு குத்தும் கிருமிக்கு ஒரு வாசல். வடித்து மருந்து செலுத்தலாம், ஆபரேஷன் தாங்காத வயதானவர்களுக்கு அது நல்லது. ஒரு தடவையில் முடியாமல் போகலாம், குழந்தை வேண்டுமென்கிற வயதில் யோசிக்க வேண்டும். அல்லது ஆபரேஷன்: சவ்வைத் திறந்து, சட்டையின் உள்பக்கத்தை வெளியே திருப்புவதுபோல் திருப்பித் தைத்துவிடுவது, ழாபுலே முறை, சவ்வு மெல்லியதாக இருந்தால் அதைக் கொசுவிச் சுருக்கித் தைப்பது, 1964இல் லார்ட் என்பவர் சொன்ன முறை. திரும்ப வருவது அபூர்வம். சில வாரம் வீக்கம் இருக்கும், ரத்தம் கட்டலாம்.

பாட் போட்ட பாகுபாடு 260 வருஷம் கழித்தும் அப்படியே என் முன்னால் கிடந்தது. மாறியிருந்தது ஒன்றுதான். எது என்று தெரிந்துகொள்ள டார்ச் போதும். நான் ஆபரேஷனைத் தேர்ந்தேன். பதினைந்து நாள் மெடிக்கல் லீவ். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன்.

கிப்பனின் உடலை ஐந்தாம் நாள் திறந்து பார்த்தார்கள். இடுப்பு மடிப்பிலிருந்து முழங்கால்வரை நீண்டிருந்த அந்த வீக்கத்தில் பெரும்பகுதி இறங்கிய குடல்மடிப்பும் பெருங்குடலுமாக இருந்தது. அவற்றின் இழுப்பில் வயிறும் கீழே இறங்கியிருந்தது. இந்த விவரத்தையெல்லாம் நமக்குத் தருகிறவர் ஷெஃபீல்ட்தான். நண்பரின் ஆறு வரைவுகளையும் வெட்டி ஒட்டி ஒரே சுயசரிதையாக்கி 1796இல் வெளியிட்டபோது, அநாகரிகம் என்று தோன்றியவற்றை எடுத்துவிட்டார். மூல வரைவுகள் 1896 வரை வெளியே வரவில்லை. ஆனால் வீக்கத்தின் கதையை, தேதி, அளவு, குவார்ட் கணக்கு உட்பட, ஒன்றுவிடாமல் சேர்த்திருந்தார்.